சாத்தக் கூடாத கேட்

நான் ஆட்டு வியாபாரி. தொழிலில் பொய் சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆறு வயது ஆட்டை நாலு வயது என்று சொல்லியிருக்கிறேன். வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கப் போகும் நேரம் பார்த்து மழை எப்போது வரும் என்று பேச்சை மாற்றியிருக்கிறேன். என் அப்பா சந்தையில் ஏலம் விட்டவர். நான் கேட்ட தாலாட்டே விலை கூவுகிற சத்தம்தான். ஆனால் இப்போது சொல்லப்போவதை நான் யாருக்கும் விற்கவில்லை. விற்காத சரக்குக்கு எவனும் பொய் சொல்ல மாட்டான். இது நடந்தது. எனக்கே நடந்தது. 1987 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டே முக்காலிலிருந்து ஐந்து மணி இரண்டு நிமிடம் வரை.

நேரம் எப்படி இவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்பீர்கள். அன்று நான் இருட்டிலும் மின்னும் ரேடியம் முள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். பார்க்க வேண்டிய காரணமும் இருந்தது.

இங்கிலாந்தில், சஃபோக் பக்கம் ஹெம்லோ எஸ்டேட். அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அங்கே மேய்ச்சல் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தேன். புல் அருமையான புல். நிலம்தான் மேடும் பள்ளமும். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஓர் ஊர் இருந்ததாம். இப்போது புல்லுக்கு அடியில் வீட்டு மேடைகள், குழிந்து கிடக்கும் தெருத்தடம், அலை அலையாகப் பழைய உழவுச் சால்கள், அவ்வளவுதான் மிச்சம். எல்லாவற்றுக்கும் நடுவில் அகழி. சதுரமான அகழி, அதற்குள் சதுரமான திட்டு. திட்டில் ஒரு கிழட்டு முள்மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. உள்ளே போகத் தெற்குப் பக்கத்தில் ஒரே ஒரு மண்பாலம். பாலத்தின் உள்முனையில் ஒரு கேட். எல்லா வயலிலும் இருக்கிற சாதாரண இரும்புக் குழாய் கேட்.

மேய்ச்சலுக்கு என்னிடம் பேரம் பேசியது வின்னி தர்க்கெட்டில் என்பவள். எஸ்டேட்டின் பண்ணை வீட்டில் முப்பத்தோரு வருஷமாக இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டவள். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் அரைமணி நேரம் பேசிக் குறைத்ததை ஒரு கோப்பைத் தேநீரில் திரும்ப ஏற்றிவிட்டாள்.

“எல்லாம் பேசியாச்சு. ஒண்ணே ஒண்ணு, நெவில். அகழி கேட்டு தொறந்தே கெடக்கணும்.”

“ஆடு உள்ள போயிடுமே அக்கா.”

“போகாது.”

“போச்சுன்னா?”

“போகாதுன்றேன்ல. ஆட்டுக்கு இருக்கிற புத்தி உனக்கும் இருந்தாப் போதும். எப்படிக் கெடக்கோ அப்படியே விடு.”

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் அது பொதுவான சட்டம்தான். வயலில் ஒரு கேட் திறந்திருந்தால் திறந்தே விட்டுப் போ. சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போ. நடக்கப் பழகும் குழந்தைக்கே அதைச் சொல்லித்தான் வளர்ப்போம். ஆனால் ஆட்டுக்காரனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஆடு பிடிக்கப் போனால் பின்னால் இருக்கிற கேட்டைச் சாத்துவான். யோசித்துச் சாத்துவதில்லை. கை தானாகச் செய்யும்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டை ஆடுகள் குறைந்தன. தேடுவதற்குக் கிளெம்மைக் கூட்டிப் போனேன். கிளெம் என் மனைவி பெரிலின் தம்பி. மலை மாதிரி ஆள், நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அக்டோபரில் நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல், “காத்தாட வரேன் மச்சான்” என்று தொற்றிக்கொண்டான். பெரில் வாசல்வரை வந்து என்னிடம் சொன்னாள்.

“அவன் நெஞ்சுல ஈரம் பட்டுச்சுன்னா, நீ இந்த வீட்டுப் பக்கம் வராத. டாக்டர் என்ன சொன்னார்னு தெரியும்ல? இன்னொரு தடவை தாங்க மாட்டான்.”

“ஆட்டைத் தேடப் போறோம் பெரில். நீச்சலுக்கு இல்ல.”

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

2:45க்கு ஜீப்பை நிறுத்தினேன். மூடுபனி அப்போதே இறங்கியிருந்தது. உறைபனி. புல் காலடியில் நொறுங்கியது. என் நாய் மெக் முன்னால் ஓடியது. உழவுச் சால்கள், தெருத்தடம், எல்லாம் பார்த்தோம். ஆடு இல்லை.

3:05. அகழி ஓரம் வந்து நின்றோம். உள்ளே திட்டில், முள்மரத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாக இரண்டு.

“அதோ நிக்கறாளுங்க,” என்றான் கிளெம். “வின்னியக்கா பெரிசாச் சொன்னாங்க, ஆடு போகாதுன்னு.”

மெக்கை ஏவினேன். பாலத்தின் இந்த முனைவரை வந்தது. உட்கார்ந்துவிட்டது. ஏழு வருஷத்தில் மெக் என் சொல்லை மீறியதே இல்லை. விசில் அடித்தேன். காதை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது.

“எங்க அக்காவவிட மோசமா அடம் பிடிக்குதே,” என்றான் கிளெம்.

சரி, நாய் இல்லாமல் இரண்டு பேர் இரண்டு ஆட்டைப் பிடிக்கவேண்டும். நாங்கள் நெருங்கினால் பாலம் வழியாகத்தான் பாய்ந்து ஓடும். அதனால் உள்ளே நுழைந்ததும், திறந்தபடி பின்னால் கட்டிவைத்திருந்த கேட்டை அவிழ்த்தேன். சாத்தினேன். பையில் எப்போதும் இருக்கும் வைக்கோல்கட்டுக் கயிற்றால் கம்பத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு. காளை இழுத்தாலும் அவிழாது.

3:12.

கேட் சாத்திய உடனே ஒன்றைக் கவனித்தேன். பெரிய விஷயம் இல்லை. வெளியே, தூரத்துச் சாலையில் லாரிகள் ஓடுகிற சத்தம் அதுவரை லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை.

முள்மரத்தை நோக்கி இரண்டு பக்கமாகப் பிரிந்து நடந்தோம். வெள்ளை இரண்டும் அசையவே இல்லை. ஆடு தலையைத் திருப்பும், காதை ஆட்டும், காலை உதைக்கும். இவை நின்றபடியே நின்றன. கொஞ்சம் உயரமாகவும் தோன்றின. பனியில் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒண்ணு என் பக்கம் வருது,” என்று கிளெம் கத்தினான். “ஓரத்துக்குப் போகுது... பிடிச்சிட்டேன்... இரு... இது...”

அப்புறம் தண்ணீர் விழுங்குகிற சத்தம்.

3:20.

ஓடினேன். கரை இடிந்து கிளெம் அகழிக்குள் கிடந்தான். மார்பளவு கறுத்த தண்ணீர், அடியில் சேறு. அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்து, வயிற்றில் படுத்து, இழுத்தேன். ஆறு நிமிடம் ஆனது. வெளியே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: “ஆடு இல்ல, மச்சான்.”

“அப்ப என்ன?”

அவன் பற்கள் தந்தி அடித்தன.

சுற்றிப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றும் இல்லை. (அந்த இரண்டு ஆடுகளும் மறுநாள் காலை பக்கத்துப் பண்ணை மந்தையில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. திங்கள் கிழமையிலிருந்தே அங்கேதான் இருந்தனவாம்.)

கிளெம்மைத் தாங்கி நடத்தினேன். பத்து அடி வைத்தான், முழங்கால் மடிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வழி தேட என்னால் முடியாது. முள்மரத்தடியில் உட்காரவைத்தேன். ஈரச் சட்டையைக் கழற்றி என் கோட்டை மாட்டினேன். முதலில் பாலத்தைக் கண்டுபிடிப்பது, கேட்டைத் திறப்பது, வின்னியின் டிராக்டரைக் கொண்டு வருவது. அரைமணி நேர வேலை. இருட்டவும் தொடங்கியிருந்தது.

“போயிட்டு வரேன். தூங்கிடாத.”

“சீக்கிரம் வா. அக்கா உன்னக் கொன்னுடுவா. அதப் பார்க்கறதுக்காவது நான் உசுரோட இருக்கணும்.”

3:34.

பனி இப்போது பால் மாதிரி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஆனால் சதுரத்தில் வழி தவறுவது எப்படி? தண்ணீர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் எப்படியும் பாலம் வந்துதானே ஆகவேண்டும். நாலு பக்கம், நாலு மூலை. புறப்பட்ட இடத்தில் தண்ணீர் ஓரத்து நாணல் கொத்தில் நீலக் கயிற்றுத் துண்டைக் கட்டினேன். அடையாளத்துக்கு.

முதல் மூலை, ஐம்பத்தெட்டு அடி.

இரண்டாவது, அறுபது.

“கிளெம்! இருக்கியா?”

“இன்னும் ஏலத்துக்கு வரல!”

மூன்றாவது மூலை. நான்காவது. பாலம் இல்லை. நீலக் கயிறும் இல்லை.

பனியில் தவறவிட்டிருப்பேன். நடந்தேன்.

ஐந்தாவது மூலை.

நான் ஆட்டுக்காரன். எண்ணுவதில் தப்பு வராது. எண்ணூறு ஆட்டை ஒரு சந்து வழியாக ஓடவிட்டு எண்ணியிருக்கிறேன், ஒன்றுகூடப் பிசகியதில்லை.

ஆறாவது மூலை.

ஏழாவது.

3:51. நின்றேன்.  சதுரத்துக்கு ஏழு மூலை கிடையாது.

திரும்பினேன். வந்த வழியே, தண்ணீரை மறுகைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏழு மூலை திரும்பினால்தான் நீலக் கயிறு வரவேண்டும்.

ஒரே ஒரு மூலை. நீலக் கயிறு என் முகத்தில் உரசியது.

“கிளெம்!”

“ம்...” தூக்கம் கலந்த குரல்.

“பேசிட்டே இரு!”

“மச்சான்... யாரு இவங்க எல்லாம்?”



“யாரு?”



குரல் வந்த திசையில் ஓடினேன். தண்ணீர் வந்தது. மறுபக்கம் ஓடினேன். அங்கேயும் தண்ணீர். முள்மரம் எங்கே? அறுபது அடிக்கு அறுபது அடித் திட்டு. அதில் ஒரே ஒரு மரம். அது இல்லை. மெக்கைக் கூப்பிட்டேன். விசில் அடித்தேன். ஒரு குரைப்பு கேட்டால் போதும், திசை தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. டாக்டர் சொன்னது காதில் ஓடியது. இன்னொரு தடவை தாங்க மாட்டான்.

4:10. இருட்டிவிட்டது.

நீந்திவிடலாமா என்று கரையிலிருந்து ஒரு காலை இறக்கினேன். தண்ணீருக்குள் ஏதோ என் காலை மெதுவாக, மரியாதையாக, மேலே தள்ளியது.

நான் பொய் சொல்லவில்லை.

4:18.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

மரத்தில் தட்டும் சத்தம். கனமான மரம். உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி. நின்றது. மறுபடி. டொக்... டொக்... டொக்...

அந்தத் திட்டில் மரக்கதவு எதுவும் கிடையாது. என் கேட் இரும்பு. தட்டினால் கணகணவென்று அதிரும். இது அந்தச் சத்தம் இல்லை.

ஆனால் யாரோ ஒரு கதவைத் தட்டுகிறார்கள் என்றால், அங்கே ஒரு வழி இருக்கிறது. வியாபாரி மூளை அவ்வளவுதான் கணக்குப் போட்டது. பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சத்தத்தை நோக்கி நடந்தேன்.

டொக்... டொக்...

நெருங்க நெருங்க ஒரு கை இல்லை, பல கைகள். பெரிய கை. சின்னக் கை. நகத்தால் பிறாண்டுவதும்.

என் விரல் இரும்பில் பட்டது.

கேட்.

சாத்தியபடியே. என் கயிறு. என் முடிச்சு.

குழாயில் கை வைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அது உள்ளங்கையில் அதிர்ந்தது. சத்தம் மட்டும் மரம்.

தட்டியவர்கள் வெளியே இல்லை.

என் பக்கத்தில் இருந்தார்கள்.

என் இரண்டு பக்கமும்.

4:27.

முடிச்சு உறைந்திருந்தது. விரல் மரத்திருந்தது. பல்லால் கடித்தேன். அவிழவில்லை. குளம்பு சீவும் கத்தி இடுப்பில் இருந்தது. இரண்டு முறை கீழே விழுந்தது. அறுத்தேன். அறுத்தேன்.

தட்டுவது நின்றது.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல...

கயிறு விட்டது. கேட்டை இழுத்தேன். கம்பத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினேன்.

4:31.

போனார்கள்.

புல் நொறுங்கியது. காற்று முகத்தில் பட்டது. புகையும், பழைய காய்ச்சல் படுக்கையும் கலந்த வாடை. நான் எண்ணினேன். வேண்டுமென்று எண்ணவில்லை. வாசலில் நின்றால் எண்ணுகிற உதடு அது. ஆட்டை எண்ணுகிற மாதிரி, இரண்டு இரண்டாக.

இரண்டு.

நாலு.

ஆறு.

எட்டு.

பத்து.

கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒன்று. தனியாக. கனமான நடை. பூட்ஸுக்குள் தண்ணீர் சளக்... சளக்... என்றது.

பதினொன்று.

கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. பனி கொஞ்சம் விலகியிருந்தது. முள்மரம் இதோ, நாற்பது அடியில். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறது.

ஓடினேன். மரத்தடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான் கிளெம். தலை தொங்கியிருந்தது. நடுக்கம் நின்றுபோயிருந்தது. நடுக்கம் நிற்பது நல்லதில்லை. குளிரில் ஆடு சாகும்போது கடைசியில் நடுக்கம் நின்றுவிடும்.

“கிளெம்! எழுந்திரு!”

எழவில்லை. முதுகில் தூக்கிப் போட்டேன். இரண்டு கைகளும் என் கழுத்தைச் சுற்றின.

தூக்கிவிட்டேன்.

ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற கை இது. ஒரு கிலோ தப்பாது. முதுகில் இருந்தது ஒரு பெட்டை ஆட்டின் எடைகூட இல்லை. பயம் வந்தால் பலம் வரும் என்று சொல்லிக்கொண்டேன். நடந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே துவண்டு, நடக்கும்போதெல்லாம் என் தொடையில் வந்து மோதியது.

காதருகே குரல். மிக மெதுவாக.

“கேட்டு?”

“தொறந்திருக்கு.”

பத்தடி.

“கேட்டு?”

“தொறந்திருக்குடா. வெளிய வந்தாச்சு.”

கழுத்தைச் சுற்றிய கை இறுகியது.

பாலத்தைத் தாண்டிய அந்தக் கணமே சத்தங்கள் எல்லாம் திரும்பி வந்தன. லாரி. காற்று. மெக், தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தியது. வாலாட்டவில்லை. வயிற்றைத் தரையில் தேய்த்தபடி பின்னால் நகர்ந்தது... நகர்ந்தது... பிறகு ஓடிவிட்டது.

ஜீப்பை எங்கே தேடுவது? தூரத்தில் பண்ணை வீட்டு விளக்கு தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தேன். வாசல் முகப்பில் ஒரு மரப்பெஞ்சு உண்டு. முதுகில் இருந்ததை அதில் இறக்கி உட்காரவைத்தேன். கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

5:02. வின்னி கதவைத் திறந்தாள். வெளிச்சம். அடுப்பு. சூப்பு வாசனை.

அடுப்புக்கு முன்னால், சுடுதண்ணீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு, கம்பளி போர்த்தி, கையில் பிராந்தியோடு உட்கார்ந்திருந்தான் கிளெம்.

“எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்றான். “கால் மணி நேரமா உன்னை ஏசிட்டிருக்கேன்.”

நான் திரும்பினேன்.

பெஞ்சு காலி. உட்கார்ந்த அளவுக்கு ஈரம். அதில் ஒரு கொத்துப் பாசி.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதை மட்டும் நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. பிறகு உள்ளே வந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

“நீ எப்படிடா வந்த?”

“யாரோ கையைப் பிடிச்சு எழுப்பினாங்க. முகம் தெரியல. கை ஐஸ் மாதிரி. வின்னியக்கா ஆள் அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சேன்.”

“நான் யாரையும் அனுப்பலையே,” என்றாள் வின்னி.

“கேட்டுகிட்ட நீ நின்ன, மச்சான். கண்ணை மூடிட்டு. கூப்பிட்டேன். காதுல வாங்கல. உதடு மட்டும் எதையோ எண்ணிட்டிருந்துச்சு.”

வின்னி சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “மூணு மணியிலேருந்து உன் நாய் குரைச்சுக் காது போச்சு,” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “கேட்ட சாத்தினியா?”

நான் அடுப்பைப் பார்த்தேன்.

“சாத்தினியா, நெவில்?”

“ஆடு ஓடிடும்னு...”

வின்னி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

கிளெம் பிழைத்தான். இருமல்கூட வரவில்லை. இன்றும் இருக்கிறான், அதே எடை. அன்று அகழி ஓரத்தில் கையில் எதைப் பிடித்தான் என்று மட்டும் கேட்டால் பேச்சை மாற்றுவான். நான் ஆடு விற்கும்போது மாற்றுகிற மாதிரியே. கால் சுளுக்கா என்று அன்றே கேட்டுப் பார்த்தேன். “காலுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு,” என்றான்.

மறு ஈஸ்டருக்குள் வின்னி பண்ணை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். முப்பத்தோரு வருஷம் இருந்த வீடு. ஏன் என்று கேட்டேன். “ஈரம் ஒத்துக்கல,” என்றாள்.

1990 கோடை. மழையே இல்லை. அகழி வற்றியது. திட்டைத் தோண்டிப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து வயலில் மேய்ந்த என் ஆடு அவர்கள் குழிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளும் சாக்கில் நானும் போனேன். தலைமை தாங்கியவள் டாக்டர் ஆஸ்லின். வெயிலில் மூக்கு உரிந்த, சிரித்த முகமான பெண். பாலத்தின் உள்முனையில், சரியாக என் இரும்பு கேட் இருந்த இடத்தில், மண்ணுக்கு அடியில் ஒரு பழைய வாசற்படியைக் காட்டினாள்.

“இங்க கனமான மரக்கதவு ஒண்ணு இருந்திருக்கு. ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. காவலுக்குப் போட்ட கதவுன்னா குறுக்குக்கட்டை உள்பக்கம்தானே இருக்கணும்? இதுக்குக் கட்டை சொருகின துளை வெளிப்பக்கம்.”

“அப்படின்னா?”

“உள்ள இருக்கிறவங்க வெளிய வரக்கூடாதுன்னு யாரோ சாத்தியிருக்காங்க. கொள்ளைநோய்க் காலமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.” சிரிப்பு குறைந்தது. “கதவுக்கு உள்பக்கமா ஒருத்தர் மேல ஒருத்தரா கெடந்தாங்க. பத்துப் பேர்.”

பத்து. பிறகு சளக் சளக் என்று கிளெம். என் எண்ணிக்கை சரி.

“இன்னும் ஒண்ணு,” என்றாள். “தனியா. அந்த முள்மரத்துக்கு அடியில. சின்ன உருவம், இருபது வயசுப் பொண்ணு. வலது கால் எலும்பு முழங்காலுக்குக் கீழ உடைஞ்சிருந்துச்சு. பாவம், கதவு வரைக்கும் அவளால வரமுடியல போல.”

நான் ஆட்டைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.  மனசுக்குள் ஓரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். எப்படியோ, அவளையும் வெளியே கொண்டுவந்து விட்டேனே என்று.

அந்த நிம்மதி நவம்பர் வரைதான்.

சந்தையில் டஃபீல்டைப் பார்த்தேன். வின்னிக்குப் பிறகு பண்ணை வீட்டுக்கு வந்தவன். பன்றி வளர்க்கிறவன். பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். அன்று சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“நெவில், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல தச்சன் யாராவது இருக்கானா?”

“எதுக்கு?”

“வாசக்கதவுல ஏதோ கோளாறு. பழசைக் கழட்டி வீசிட்டுக் கண்ணாடிக் கதவே போட்டுட்டேன். அப்பவும் மரத்துல தட்டுற மாதிரியே கேக்குது. பனி எறங்கினா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு.”

“யாராவது வாசல்ல வந்து...”

“வாசல்லேருந்து இல்ல.” அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “உள்ளேருந்து.”

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஐந்து மணி வாக்கில், உள்ளே நுழைந்துவிட்ட அவளுக்குப் பின்னால், அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட கை.